விரையில் விந்தணு தேடுவது: மரபணுக் காரணத்தால் குழந்தையின்மை உள்ள ஆண்கள் கேட்கும் கேள்விகள்

விந்தில் அணு இல்லை என்று ரிப்போர்ட் வாங்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ஆபரேஷன் எப்போது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். ரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்கினால் சிலருக்கு ஆபரேஷனே வேண்டியிருக்காது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறோம்.

விந்துல அணுவே இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு. அதையே நம்பிடலாமா?

ஒரு ரிப்போர்ட் போதாது. சில வாரம் கழித்து இன்னொரு முறை கொடுங்கள். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் முழுவதையும் டப்பாவில் பிடிக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் ரிப்போர்ட்டுக்குப் பொருளில்லை.

லேபில் ஒரு சொட்டை மட்டும் ஸ்லைடில் வைத்துப் பார்த்து "இல்லை" என்று எழுதிவிடுவதும் உண்டு. முழு விந்தையும் 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்த வண்டலைத் தேடிய பிறகே அப்படி எழுத வேண்டும். வண்டலில் சிலருக்கு ஒன்றிரண்டு அணுக்கள் அகப்படும். உயிருள்ளவை சில கிடைத்தாலே உறைய வைத்து இக்சிக்குப் பயன்படுத்தலாம். இக்சி என்பது ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஓர் அணுவை ஊசியால் செலுத்தும் முறை. வண்டல் தேடப்பட்டதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் லேபில் கேளுங்கள்.

விந்து நல்லா வருது, உறவுலயும் ஒரு குறையும் இல்ல. அப்புறம் எப்படி அணு இல்லாம போகும்?

வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப் பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பது. விரையிலிருந்து வருவது மிகச் சிறிய பங்குதான். அது நின்றுபோனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

விரைக்கு இரண்டு வேலைகள். முடியைவிட நுண்ணிய குழாய்களுக்குள் அணுக்கள் உருவாகின்றன. அந்தக் குழாய்களுக்கு இடையில் இருக்கும் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. முதல் வேலை கெட்டும் இரண்டாவது நன்றாகவே நடக்கலாம். அப்போது ஆசை, விறைப்பு, மீசை, தாடி எதிலும் குறை இருக்காது. ஆண்மைக்கும் அணு எண்ணிக்கைக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

அணு வராததற்குக் காரணமும் இரண்டு வகை. ஒன்று அடைப்பு: அணு உருவாகிறது, வழி இல்லை. இன்னொன்று உற்பத்திக் குறை: வழி இருக்கிறது, அணு உருவாவதில்லை அல்லது வெளியே வரும் அளவுக்கு உருவாவதில்லை. கீழே உள்ள எல்லாப் பதில்களும் இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தவை.

அணு இருக்கா இல்லையான்னு விரையைத் திறந்து பார்த்தாலே தெரிஞ்சிடுமே. அதுக்கு முன்னாடி குரோமோசோம் டெஸ்ட் எதுக்கு?

சில மரபணு ரிப்போர்ட்டுகள் "திறக்க வேண்டாம்" என்றே சொல்லும். அணு கிடைக்க வழியே இல்லாத ஒருவருக்கு விரையைப் பிளந்து, திசுவை எடுத்து, டெஸ்டோஸ்டிரோனையும் குறைத்துவிட்ட பிறகு அந்த ரிப்போர்ட் கைக்கு வருவது பெரிய அநியாயம். அதே வாரத்தில் மனைவிக்கும் கருமுட்டை ஊசிகள் போட்டு முடித்திருந்தால் இழப்பு இரட்டிப்பு.

உற்பத்திக் குறை என்றால் இரண்டு பரிசோதனைகள். முதலாவது கேரியோடைப்: குரோமோசோம்களை எண்ணி, வடிவம் பார்ப்பது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்த குழாயில் ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களைச் சுமார் 3 நாள் வளர்த்துப் பார்ப்பார்கள். இரண்டாவது ஒய் குரோமோசோமில் நுண்பகுதி இழப்பு இருக்கிறதா என்று டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை. இதற்கு ஈடிடிஏ என்ற வேறொரு உறைதல் தடுப்பான் சேர்த்த குழாய். குழாய் மாறினால் கேரியோடைப்புக்குச் செல்கள் சரியாக வளராது, ரத்தம் மறுபடி கொடுக்க நேரும். ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும் என்பதால் முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுவது நல்லது. விரையிலிருந்து அணுவை எடுத்துச்செல்லும் குழாயான விந்து நாளம் இல்லாதவர்களுக்குச் சிஎஃப்டிஆர் மரபணுப் பரிசோதனை வேண்டும்.

இரண்டும் சரியாக வந்தால் மரபணுக் கோளாறே இல்லை என்று பொருளில்லை. அணு உருவாக்கத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் பங்கெடுக்கின்றன. வழக்கமான பரிசோதனை அவற்றைத் தொடுவதில்லை.

எனக்கு க்ளைன்ஃபெல்டர்னு சொல்லிட்டாங்க, 47 எக்ஸ்எக்ஸ்ஒய். விரைக்குள்ள என்னதான் ஆகியிருக்கு?

ஆணுக்கு இருக்க வேண்டிய எக்ஸ், ஒய் ஜோடியுடன் கூடுதலாக ஓர் எக்ஸ் இருக்கிறது. 600 முதல் 700 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி அமைகிறது. உங்கள் பழக்கத்தாலோ பெற்றோர் செய்த எதாலோ வந்ததல்ல. பெரும்பாலும் தந்தையின் அணுவோ தாயின் முட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் பிரிவதில் ஏற்பட்ட பிசகு.

அணுவின் மூலச் செல்கள் சிறு வயதிலேயே குறையத் தொடங்கி, பருவமடையும்போது வேகமாக அழிகின்றன. குழாய்களின் சுவர் தடித்து, உள்ளிடம் அடைந்து, நுண்ணோக்கியில் கண்ணாடி போன்ற இறுகிய கயிறுகளாகத் தெரியும். சில குழாய்களில் தாங்கும் செல்களான செர்டோலி செல்கள் மட்டும் மிஞ்சும். இடையிலுள்ள லேடிக் செல்கள் கொத்துக் கொத்தாகப் பெருகியிருந்தும் டெஸ்டோஸ்டிரோன் பலருக்குக் குறைவாகவே சுரக்கும். அதனால்தான் விரை சிறுத்து, உறுதியாக இருக்கிறது. வளர்ந்த ஆணின் விரை சாதாரணமாக 15 முதல் 25 மி.லி, க்ளைன்ஃபெல்டரில் பெரும்பாலும் 5 மி.லி.க்குக் கீழ். அணு உருவாக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச் உயர்ந்திருக்கும்.

இவ்வளவு பாதிப்புக்கு நடுவிலும் பலருக்கு ஓரிரு குழாய்களில் உற்பத்தி நடந்துகொண்டிருக்கும். நுண்ணோக்கியின் உதவியுடன் விரையைத் திறந்து தேடும் மைக்ரோ டீசே முறையில் தேடினால் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் பேருக்கு அணு கிடைக்கிறது. விரையின் அளவையோ எஃப்எஸ்எச் எண்ணையோ வைத்து யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2 மி.லி. விரையிலும் கிடைத்திருக்கிறது.

ஒய் குரோமோசோம்ல ஏ, பி, சின்னு ஏதோ ஒரு பகுதி இல்லையாம். எது இல்லைன்னா என்ன?

இந்தப் பக்கத்திலேயே மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் அணு உருவாக்கத்துக்குத் தேவையான மூன்று பகுதிகள் உள்ளன: ஏஇசட்எஃப்-ஏ, பி, சி. ஏ பகுதி முழுதும் இல்லையென்றால் குழாய்களில் செர்டோலி செல்கள் மட்டுமே இருக்கும். பி பகுதி முழுதும் இல்லையென்றால் அணு உருவாக்கம் பாதியில் நின்றுவிடும். இந்த இரண்டிலும், பி-யும் சி-யும் சேர்ந்து இல்லாதபோதும், ஆபரேஷன் செய்வதில்லை. கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். யாராவது "திறந்து பார்த்துவிடலாம்" என்றால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி இன்னொரு கருத்துக் கேளுங்கள்.

சி பகுதி மட்டும் இல்லையென்றால் கதையே வேறு. சிலருக்கு விந்திலேயே குறைந்த எண்ணிக்கையில் அணு இருக்கும். இல்லாதவர்களில் சுமார் பாதிப் பேருக்கு விரையில் கிடைக்கும். சில மையங்களில் அதற்கும் மேல். விந்தில் அணு இருப்பவர்களுக்கு அது காலப்போக்கில் குறையக்கூடும், ஆகவே இப்போதே உறைய வைப்பது புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு பகுதியும் இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளங்களில், அதாவது குறியிடங்களில், எவற்றைப் பார்த்தார்கள் என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். ஏ-க்கு எஸ்ஒய்84, எஸ்ஒய்86. பி-க்கு எஸ்ஒய்127, எஸ்ஒய்134. சி-க்கு எஸ்ஒய்254, எஸ்ஒய்255. "இழப்பு உள்ளது" என்ற ஒற்றை வரி போதாது. ஏ, பி பகுதிகளில் இழப்பு முழுமையானதா, ஒரு பகுதிதானா என்று கூடுதல் குறியிடங்களை வைத்து உறுதி செய்யாமல் கதவை மூடவும் கூடாது.

என் ரிப்போர்ட்ல 46 எக்ஸ்எக்ஸ்னு இருக்கு. நான் ஆம்பளைதானே, லேப் மாத்திட்டாங்களா?

மறுபடி ரத்தம் கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் இது உண்மையாகவும் இருக்கலாம். தந்தையின் அணு உருவாகும்போது, ஆணாக வளரச் சொல்லும் எஸ்ஆர்ஒய் மரபணு ஒய்-யிலிருந்து எக்ஸுக்குத் தாவிவிட்டால் எக்ஸ்எக்ஸ் அமைப்புடன் ஆண் பிறப்பார். நீங்கள் ஆண்தான், அதில் சந்தேகமில்லை. முந்தைய பதிலில் சொன்ன மூன்று பகுதிகளும் உங்களிடம் இல்லாததால் விரையில் அணு உருவாகாது; தேடும் ஆபரேஷன் வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் அளவையும் எலும்பு அடர்த்தியையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கைவெச்சு பார்த்துட்டு விந்துக் குழாயே இல்லைன்னு சொல்றாங்க. ஸ்கேன்ல வராததை விரல் எப்படி சொல்லும்?

விந்து நாளம் விரைப்பையின் தோலுக்கடியில் உறுதியான நூல்போல் உருளும். பழகிய விரலுக்கு இரு பக்கமும் அது இல்லாதது நன்றாகவே தெரியும். விந்தின் அளவு குறைந்து, அமிலத்தன்மை கூடி, ஃபுரக்டோஸ் இல்லாமலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: நாளத்தோடு விந்துப் பைகளும் வளரவில்லை. ஃபுரக்டோஸ் அங்கேதான் சுரக்கிறது.

இது அடைப்பு வகை. விரைத் திசு பெரும்பாலும் நலமாக இருக்கும், அணு கிடைப்பது ஏறக்குறைய உறுதி. விரையை ஒட்டியுள்ள எபிடிடைமிஸிலிருந்து ஊசியால் உறிஞ்சும் பீசா, அல்லது விரையிலிருந்தே உறிஞ்சும் டீசா போதும். மைக்ரோ டீசே தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் காரணம் சிஎஃப்டிஆர் மரபணு மாற்றம் என்பதால், மனைவிக்கு அந்தப் பரிசோதனை செய்யாமல் இக்சி தொடங்கக் கூடாது. இருவரிடமும் தலா ஒரு பிரதியில் மாற்றம் இருந்தால், நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஒவ்வொரு கருவிலும் 25 சதவீதம். உங்கள் இரண்டு பிரதிகளிலுமே மாற்றம் இருந்தால் அது 50 சதவீதமாகும். சிஎஃப்டிஆரில் மாற்றமே இல்லையென்றால் வயிற்று ஸ்கேன் எடுங்கள். இப்படிப் பட்டவர்களில் சிலருக்கு ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே இருக்காது.

விரை நல்ல சைஸ், எஃப்எஸ்எச் நார்மல், குழாயும் இருக்கு. அப்ப அடைப்புதானே?

அப்படித்தான் தோன்றும், ஆனால் தவறாகப் போகும் இடமும் இதுதான். அணு உருவாக்கம் தொடங்கி, குரோமோசோம்கள் பாதியாகப் பிரியும் கட்டத்தில் உறைந்து நின்றுவிடலாம். குழாய்கள் செல்களால் நிறைந்திருப்பதால் விரை சிறுக்காது. செர்டோலி செல்கள் வேலை செய்துகொண்டிருப்பதால் எஃப்எஸ்எச்சும் ஏறாது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டெக்ஸ்11 போன்ற ஒற்றை மரபணு மாற்றங்கள் இப்படிச் செய்வது தெரிந்த விஷயம்.

அடைப்பு என்று நினைத்து ஊசி போட்டு ஒன்றும் வராமல் போனால், அடுத்த ஊசிக்கு முன் இந்தச் சாத்தியத்தை யோசிக்க வேண்டும். எல்லாக் குழாய்களிலும் ஒரே கட்டத்தில் நின்றிருந்தால் மைக்ரோ டீசேயிலும் கிடைப்பது அரிது. அதுவும், குழாய்கள் எல்லாம் ஒரே தடிமனில் இருப்பதால் எதைக் கிள்ளுவது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

பயாப்சில "செர்டோலி செல் மட்டும்"னு வந்துடுச்சு. கதை முடிஞ்சதா?

முடியவில்லை, ஏஇசட்எஃப்-ஏ இழப்பு இல்லாத வரை. பயாப்சி என்பது ஓரிடத்துத் துணுக்கு. வறண்ட ஏரியில் ஒரு குழி தோண்டிவிட்டுத் தண்ணீரே இல்லை என்று சொல்வது போல, அந்த இடத்தைப் பற்றி மட்டும்தான் அது சொல்லும். நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, இதே ரிப்போர்ட்டுடன் போனவர்களுக்கு மைக்ரோ டீசேயில் அணு கிடைக்கிறது.

இனி பயாப்சிக்குப் போகிறவர்களுக்கு: கண்டறிய மட்டும் தனியாகத் திசு எடுப்பது பெரும்பாலும் வீண் காயம். அணு தேடும் அதே அமர்வில் ஒரு துணுக்கை நோயியல் பரிசோதனைக்கு அனுப்பினால் போதும். அந்தத் துணுக்கு, திசுவைப் பதப்படுத்தும் பூவான் திரவத்தில் போக வேண்டும். வழக்கமான ஃபார்மலினில் விரைத் திசு சுருங்கிச் சிதைந்து தெரியும். அணு தேட வேண்டிய திசுவோ இரண்டிலும் படவே கூடாது, வளர்ப்புத் திரவத்தில் மட்டும். மேசையில் டப்பாக்களுக்கு முன்பே பெயர் ஒட்டி வைக்காவிட்டால் இது மாறிப்போகும்.

மைக்ரோ டீசேன்னா என்ன பண்ணுவாங்க? ஊசில எடுத்தா ஆகாதா?

உற்பத்திக் குறை உள்ளவருக்கு ஊசி குருட்டுத் தேடல். மைக்ரோ டீசேயில் மயக்க மருந்து கொடுத்து, விரைப்பையின் நடுவில் கீறி, விரையை வெளியே எடுத்து, அதன் வெண்மையான உறையை ரத்த நாளங்களைத் தவிர்த்து நடுவாகத் திறக்கிறார்கள். ஆபரேஷன் நுண்ணோக்கியில் 15 முதல் 25 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது, செத்த குழாய்கள் மெல்லியதாக, மஞ்சளித்துத் தெரியும். அணு இருக்கக்கூடிய குழாய் தடித்து, வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். அதை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். இந்த முறையைக் கொண்டுவந்த அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஷ்லெகல் 1999இல் வெளியிட்ட முதல் ஒப்பீட்டில், பழைய முறையில் சராசரியாக 720 மி.கி. திசு எடுத்த இடத்தில் இந்த முறையில் 9.4 மி.கி. போதுமாயிருந்தது, கிடைத்தவர்களின் விகிதமும் 45இலிருந்து 63 சதவீதமாக ஏறியது.

எடுத்ததை அந்த அறையிலேயே எம்பிரியாலஜிஸ்ட், அதாவது லேபில் அணு, முட்டை, கருவைக் கையாளும் நிபுணர், நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். கிடைத்தால் நிறுத்தலாம், இல்லையென்றால் ஆழத்துக்கும் அடுத்த விரைக்கும் போக வேண்டும். ஒரு மணி நேரத்திலும் முடியலாம், மூன்று மணி நேரமும் தாண்டலாம். எம்பிரியாலஜிஸ்ட் உடனிருப்பாரா என்பது ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நான் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுட்டு இருக்கேன். ஆபரேஷனுக்கு உதவும்தானே?

உதவாது, கெடுக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளையின் பிட்யூட்டரி சுரப்பி, விரையைத் தூண்டும் ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் நிறுத்திவிடும். விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு. ஊசியால் அந்த அளவை எட்ட முடியாது. ஊசி, ஜெல், ஜிம்மில் கொடுக்கும் மருந்து எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி நிறுத்துங்கள். மீண்டு வர மாதக்கணக்கில் ஆகும். ஓர் அணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் வேண்டும், ஆகவே மூன்று மாதத்துக்குள் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவாக உள்ள க்ளைன்ஃபெல்டர் ஆண்களுக்கு அனஸ்ட்ரசோல், க்ளோமிஃபீன், எச்சிஜி போன்ற மருந்துகளைச் சில மாதம் கொடுத்து உயர்த்திய பின் ஆபரேஷன் செய்யும் பழக்கம் பல மையங்களில் உண்டு. இவற்றால் அணு கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. உத்தரவாதம் தருபவரை நம்ப வேண்டாம்.

என் தம்பிக்கு சின்ன வயசுலேருந்தே வாசனை தெரியாது, மீசையும் முளைக்கல. அவனுக்கும் விரையைத் திறக்கணுமா?

முதலில் எஃப்எஸ்எச், எல்எச் பாருங்கள். இரண்டும் மிகக் குறைவாக இருந்தால் கால்மன் நோய்க்குறியாக இருக்கலாம்: விரை கெட்டுப்போகவில்லை, அதற்குக் கட்டளை வரவில்லை. எல்எச் போல வேலை செய்யும் எச்சிஜி ஊசி 1500 முதல் 2000 யூனிட் வரை வாரம் இரண்டு மூன்று முறை, சில மாதம் கழித்து எஃப்எஸ்எச் 75 முதல் 150 யூனிட் வாரம் மூன்று முறை என்று ஹார்மோன் மருத்துவர் கொடுப்பார். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் பலருக்கு விந்திலேயே அணு வந்துவிடுகிறது. பொறுமைதான் இங்கே மருந்து, கத்திக்கு அவசரமில்லை.

டாக்டர் கிடைக்கலைன்னு சொன்னார், சாயங்காலம் லேப்ல இருந்து கிடைச்சதுன்னு போன் வந்துச்சு. எதை நம்புறது?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆபரேஷன் அறையில் செய்வது வேகப் பார்வை. லேபில் குழாய்களை நுண் கத்தரியாலும் ஊசி முனையாலும் நறுக்கி, மெல்லிய ஊசிக் குழாய் வழியே பலமுறை இழுத்துத் தள்ளி உள்ளிருப்பதை வெளியேற்றுவார்கள். சிவப்பணுக்கள் மறைத்தால் அவற்றைக் கரைக்கும் திரவம் சேர்ப்பார்கள். பிறகும் காணவில்லையென்றால் கொலாஜினேஸ் நொதியில் ஊற வைத்துத் திசுவைக் கரைத்துத் தேடுவார்கள். மணிக்கணக்கில் ஆகும்.

விரையிலிருந்து எடுத்த அணு பெரும்பாலும் நீந்தாது. லேசாக வால் துடிக்கும், அல்லது அசையாமலே கிடக்கும். உயிருள்ளதா என்று பார்க்கப் பென்டாக்ஸிஃபிலின் சேர்த்து அசைவைத் தூண்டுவார்கள், அல்லது செறிவு குறைந்த திரவத்தில் வால் சுருள்கிறதா என்று பார்ப்பார்கள்.

மனைவிக்கு முட்டை எடுக்கிற அன்னைக்கே ஆபரேஷன் நல்லதா, முன்னாடியே எடுத்து உறைய வைக்கிறது நல்லதா?

கிடைக்கும் என்பது உறுதியான அடைப்பு வகையில் எப்படிச் செய்தாலும் சரி. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்னும்போது முன்கூட்டியே தேடி உறைய வைத்தால், கிடைக்காதபோது மனைவியின் ஊசிகள் வீணாவதில்லை. குறை என்னவென்றால், பத்துப் பதினைந்து அணுதான் கிடைத்தது என்றால் உறைந்து உருகுவதில் கொஞ்சம் இழக்க நேரும்.

அதே நாளில் செய்வதாக இருந்தால், கிடைக்காவிட்டால் என்ன என்பதை முன்பே இருவரும் பேசி எழுதிக் கொடுங்கள்: முட்டைகளை உறைய வைப்பதா, கொடையாளர் அணுவா, நிறுத்திவிடுவதா. மயக்கத்திலிருந்து எழுந்த மனிதரிடம் கேட்கக்கூடிய கேள்வியல்ல அது.

பொறக்கப் போற பிள்ளைக்கும் இதே குறை வந்துடுமா?

காரணத்தைப் பொறுத்தது. ஏஇசட்எஃப்-சி இழப்பு என்றால் மகனுக்கு நிச்சயம் போகும், ஏனென்றால் உங்கள் ஒய்-தான் அவனுடையது. மகளுக்குப் போகாது. மகனின் உடல்நலத்தில் பொதுவாகக் குறை இருக்காது. குழந்தை பெறுவதில் உங்களுக்கு வந்த அதே சிக்கல் வரும். க்ளைன்ஃபெல்டரில் நேர்மாறு: பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் சரியாகவே இருந்திருக்கிறது. உற்பத்தி நடக்கும் அந்தச் சில குழாய்களில் கூடுதல் எக்ஸை இழந்த மூலச் செல்கள் இருப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. அணுக்களில் குரோமோசோம் பிழை சற்றுக் கூடுதல் என்பதால் கருவைச் சோதித்து வைக்கும் வாய்ப்பைச் சொல்வார்கள். அது உங்கள் விருப்பம். சிஎஃப்டிஆர் கணக்கை மேலே சொல்லிவிட்டோம்.

ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல வேலைக்குப் போகலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் மூன்று நான்கு நாளில். பாரம் தூக்குவதும் ஓடுவதும் இரண்டு வாரம் வேண்டாம். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைத்து எடுங்கள். இறுக்கமான உள்ளாடை அணியுங்கள். லேசான வீக்கமும் கன்றலும் சாதாரணம். வீக்கம் மணிக்கு மணி பெருகி விரைப்பை கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலோ அன்றே போய்க் காட்டுங்கள். உள்ளே ரத்தக்கட்டோ தொற்றோ இருக்கலாம்.

பலர் மறந்துவிடுவது இதை: டெஸ்டோஸ்டிரோன் முதல் ஆறு மாதத்தில் இறங்கும். பெரும்பாலானோருக்கு ஒன்று, ஒன்றரை ஆண்டில் பழைய அளவுக்கு அருகில் வரும். க்ளைன்ஃபெல்டர் உள்ள சிலருக்கு வராது. 3, 6, 12ஆம் மாதங்களில் காலையில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். காரணமில்லாத சோர்வு, ஆசைக் குறைவு, மனச்சோர்வு இருந்தால் காத்திருக்க வேண்டாம். இனி அணு எடுக்கப் போவதில்லை என்று முடிவானவர்கள் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை எடுக்கலாம்.

முதல் தடவை கிடைக்கல. இன்னொரு தடவை போகலாமா?

முதலில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். முன்பு நடந்தது ஊசி அல்லது ஓரிடத்துப் பயாப்சி என்றால் மைக்ரோ டீசே இன்னும் நியாயமான அடுத்த படி. முன்பே நல்ல மைக்ரோ டீசே இரு விரைகளிலும் ஆழம் வரை நடந்து, லேபும் நொதி வரை தேடிவிட்டது என்றால் இரண்டாவது முறை கிடைப்பது குறைவு. எப்படியானாலும் குறைந்தது ஆறு மாத இடைவெளி வேண்டும். திசு ஆறாமல் திறந்தால் தழும்பும் ரத்த ஓட்டக் குறைவும் மிஞ்சும். ஆபரேஷன் குறிப்பு, நோயியல் ரிப்போர்ட், லேபின் தேடல் குறிப்பு மூன்றையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டாவது டாக்டருக்கு அவை இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

பையனுக்கு 13 வயசு, க்ளைன்ஃபெல்டர். இப்பவே எடுத்து வெச்சுட்டா நல்லதுதானே?

மூலச் செல்கள் அழிந்துகொண்டே போகின்றன என்பதால் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் பருவமடையும் வயதில் எடுத்தால் பெரியவர்களைவிட அதிகம் கிடைக்கிறது என்று காட்டப்படவில்லை. மிக இளம் வயதில் முதிர்ந்த அணு கிடைப்பது குறைவாகவே இருந்திருக்கிறது. முதிராத திசுவை உறைய வைத்து அதிலிருந்து அணு வளர்ப்பது மனிதர்களில் இன்னும் ஆராய்ச்சி நிலைதான்.

அவன் விந்து கொடுக்கக்கூடிய வயதில், அவனுக்குச் சம்மதமானால், ஒரு மாதிரியை முதல் பதிலில் சொன்னபடி வண்டல் வரை தேடச் சொல்லுங்கள். அரிதாகச் சிலருக்கு அதிலேயே கிடைக்கும். டெஸ்டோஸ்டிரோன் தேவைப்பட்டால் எதிர்காலத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். எலும்பு, தசை, மனநிலை எல்லாவற்றுக்கும் அந்த வயதில் அது வேண்டும். எப்போது தொடங்குவது, பின்னாளில் அணு தேடும்போது எப்போது நிறுத்துவது என்பதை ஹார்மோன் மருத்துவரும் ஆண் மலட்டியல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சில் பையனும் உட்காரட்டும், அவன் வயதுக்குப் புரியும் வார்த்தைகளில்.